கவர் போட்ட வண்டி

ஜனவரி 22

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? திரைச்சீலைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு குனிந்தே தைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் வீட்டில் உனக்கு வாலு என்று ஏன் பெயர் வைக்கப்போகிறார்கள்.

உன் அண்ணன் வெளியூர் வேலையாகப் போயிருக்கிறார். எங்கேயோ பெரிய கட்டடமாம், லிஃப்ட் எல்லாவற்றையும் மாற்றுகிறார்களாம். வண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். எப்போது வருவார் என்று சரியாகச் சொல்லவில்லை.

அது கிடக்கட்டும். கீழே தூண் பக்கத்தில் நம் வண்டி நிற்கிற இடம் உனக்குத் தெரியுமே, தரையில் நம் வீட்டு எண் மஞ்சள் பெயின்டில் எழுதியிருக்கும். அதில் இப்போது ஒரு பூ வண்டி வந்து நிற்கிறது. முதல் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பூக்கடைக்காரருடையது. கேட்காமல் கொள்ளாமல் நிறுத்துகிறார். காலையில் அது போன பிறகு பார்த்தால் தரையெல்லாம் ஈரம், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இதழ்கள். நான் பல் செய்யும் லேபுக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் கோபம் வருகிறது.

நிறுத்த முடியாதபடி நடுவில் ஒரு செடித் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் தொட்டி ஓரமாக இருக்கிறது, வண்டி நடுவில் நிற்கிறது. செடிக்குத் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்.

பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. கழுத்து அப்படியேதான் இருக்கிறது, திரும்பிப் பார்க்க ஆள் யாரும் இல்லாததால் பரவாயில்லை. உங்கள் கண் எரிச்சல் எப்படி? மெழுகுப் பல்லை விளக்குக்கு அடியில் வைத்துச் செதுக்கிச் செதுக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், இத்தனை வருஷமாக ஃபோனில் அரட்டை அடித்துவிட்டு இப்போது எதற்குக் கடிதம்? தபால்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

பூக்காரர் விஷயம் கேட்டுச் சிரித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரோடு சண்டை போட உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? அண்ணன் வரும்வரை நிறுத்திவிட்டுப் போகட்டும் என்று விடுங்களேன். வண்டியே இல்லாத இடம் சும்மாதானே கிடக்கிறது.

அண்ணன் ஃபோன் எடுக்கவே மாட்டேன் என்கிறார். நான் கூப்பிட்டதாகச் சொல்லுங்கள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

வாலு

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் வந்ததும் தலைவலி பாதி போய்விட்டது. மீதி லேப் தலைவலி.

ஃபோனில் ஏன் பேசவில்லை என்கிறாய். வேலை நேரத்தில் ஃபோனைத் தொட விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பேச அலுப்பாக இருக்கிறது. கடிதத்தில் ஒன்றை எழுதிவிட்டு அடித்துவிடலாம். பேசினால் முடியாது.

சும்மா கிடக்கிற இடம் என்று நீ எழுதியதைத்தான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். பூக்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன். மரியாதையான மனுஷன்தான், கையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "சும்மா கிடக்குதேன்னு நிறுத்தினேன்மா. உங்க வண்டி வந்தா அந்த நிமிஷமே எடுத்துடறேன்" என்றார். வண்டி வரும் என்றேன். "எப்போன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் படியேறி வந்துவிட்டேன்.

இப்போது பெரிய வினை வந்திருக்கிறது. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரைத் தெரியுமல்லவா, விதி விதி என்றே பேசுவாரே, சட்டப்புத்தகம் என்று உன் அண்ணன் பெயர் வைத்தாரே, அவர்தான் கதவைத் தட்டினார். யாருடைய இடத்திலாவது ஏப்ரல் முதல் வாரத்துக்குள் சொந்த வண்டி வந்து நிற்கவில்லை என்றால், அந்த இடம் காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். அடுத்த ஆள் பூக்காரர்.

இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒரு பல் விழுந்த இடத்தை அப்படியே விட்டால் இரண்டு பக்கத்துப் பல்லும் மெதுவாக அந்தப் பள்ளத்தில் சாய்ந்துவிடும் என்று. அப்புறம் அந்த இடத்தில் எதையும் வைக்க முடியாது. எனக்கு ராத்திரியெல்லாம் அதுதான் நினைப்பு. உன் அண்ணன் வரும்போது அவருக்கு இடம் இருக்க வேண்டும் வாலு. அவ்வளவுதான் நான் கேட்பது.

அவர் கிளம்பும்போது வண்டியின் சாம்பல் நிறக் கவரைக் கூட எடுக்காமல் போனார். மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் போய்விடும்.

தண்ணீர் நிறையக் குடி.

உன் அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று எப்போதையும்விட அதிகமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. என் வாசலில் துணி உருளைகளை இறக்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில், மரத்துக்கு அடியில், ஒரு வண்டி வந்து நின்றுகொண்டிருக்கிறது. பல நாளாக. லாரிக்காரர் தெருமுனையில் துணியை இறக்கிவிட்டுப் போகிறார், நான் தோளில் சுமந்து வருகிறேன். வண்டிக்காரரைப் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நான் தைப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தொங்கும் திரைகளுக்கு நடுவில் சில நேரம் அவர் இருப்பதே தெரிவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். எதுவும் பேசுவதில்லை.

அந்தப் பெரிய கட்டட வேலை எப்போது முடியும் அண்ணி?

உங்களுக்காக ஒரு ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன். இளநீலம்.

வாலு

மார்ச் 15

வாலு,

அந்த வண்டியின் இடது பின்கதவு இரண்டு தடவை இழுத்துச் சாத்தினால்தான் சாத்துமா? ஆமாம் என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

வண்டிக்காரரிடம் வாரத்துக்கு ஒரு முறையாவது இன்ஜினைப் போட்டு வைக்கச் சொல். இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சம் பெயின்டை அரித்துவிடும், ஈரத் துணியால் உடனே துடைக்க வேண்டும். அவருக்கு மாத்திரை காலையில் சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டால் குமட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன்.

அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். ஆமாம், இரண்டு தடவை இழுத்தால்தான் சாத்துகிறது.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு இரண்டு பக்கமும் இடி. உங்களை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது அவரால்தான், ஆனால் இப்போது அவரைவிட நீங்கள்தான் எனக்கு அதிகம். அதனால்தான் வண்டி, வாசல் என்று சுற்றி வளைத்தேன். நீங்களும் கட்டட வேலை என்று எழுதி என்னை ஏமாற்றினீர்களே, கணக்கு சரியாகிவிட்டது.

ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "நான் பேசினா அவ என் பல்லைத்தான் பாக்கிறா, என்னைப் பாக்கிறதில்ல. ஒரு நாள் கொஞ்சம் வெளியில போய் நிக்கலாம்னு கிளம்பினேன், எங்கெங்கேயோ சுத்திட்டு இங்க வந்தேன். இப்போ எப்படித் திரும்பிப் போறதுன்னு தெரியல." அப்படியே சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அண்ணி, ஒரு வார்த்தை நீங்கள் வா என்றால் போதும், வந்துவிடுவார். நான் சொல்லட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாலு

ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அவர் சொன்னது உண்மை. எதிரில் யார் வாயைத் திறந்தாலும் என் கண் பல்லின் நிறத்துக்குத்தான் போகும், இருபது வருஷப் பழக்கம். ஆனால் அவர் பல்லை மட்டும் நான் அப்படிப் பார்த்ததில்லை. கீழ்வரிசையில் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும். அது எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம்.

இருந்தாலும் வா என்று நான் சொல்லமாட்டேன். தானாகப் போனவர் தானாக வரட்டும். கூப்பிட்டு வந்தால், கூப்பிட்டதால் வந்தேன் என்றுதான் ஆயுசுக்கும் இருப்பார். வரும்போது இடம் இருக்க வேண்டும், அதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்தும் கொண்டேன். நீ சிரிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் தூங்கும் நேரத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டுகள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இஸ்திரி பலகை, பழைய மெத்தை, லேபிலிருந்து அள்ளிவந்த அட்டைப் பெட்டிகள் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். நாற்காலிகள் மேல் மெத்தையைப் போட்டுக் கூரை. இஸ்திரி பலகையைச் சாய்த்து முன்பக்கம். பக்கவாட்டுக்கு ஸ்டாண்டுகளும் அட்டைப் பெட்டிகளும். தள்ளி நின்று பார்ப்பதும், வந்து ஒரு பெட்டியை நகர்த்துவதும், மறுபடி தள்ளி நிற்பதுமாக, மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிற மாதிரியே செய்தேன். கடைசியில் சாம்பல் கவரைப் போட்டுத் தரைவரை இழுத்துவிட்டேன்.

வாலு, என்னாலேயே நம்ப முடியவில்லை. வண்டி நிற்கிறது.

சட்டப்புத்தகம் அந்தப் பக்கம் போனார், ஒரு நிமிஷம் நின்றார், "சார் வந்துட்டாரா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு என் பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். பக்கத்து வீட்டம்மா சார் ஏன் கண்ணிலேயே படவில்லை என்கிறார், காலையிலேயே நடக்கப் போய்விடுகிறார் என்கிறேன். புதிதாக வந்திருக்கும் வாட்ச்மேன் அதைச் சுற்றிப் பெருக்கிவிடுகிறார்.

பூக்காரர் சொன்ன சொல் தவறாமல் தன் வண்டியைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் விற்காமல் மீந்த பூவைக் கொண்டுவந்து கவர் மேல் வைத்துவிட்டுப் போகிறார். இத்தனை நாள் இடத்தைக் கொடுத்ததற்காம். வெள்ளையும் மஞ்சளுமாக அந்தச் சாம்பல் துணி மேல் கிடக்கின்றன. நான் எடுப்பதில்லை.

இன்னொன்றையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். சாயங்காலம் சமையலறையில் இருக்கும்போது வண்டி உள்ளே வருகிற சத்தம் கேட்கிறது. கியரை மாற்றுவது, நிறுத்துவது, கடைசியாக ஒரு குலுங்கல். ஒன்றுமில்லை என்று தெரியும். தினமும் கேட்கிறது. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன்.

இதை அவரிடம் சொல்லிவிடாதே. என் மேல் ஆணை. அவர் சிரித்தால் என்னால் தாங்க முடியாது.

உன் அண்ணி

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

நலமா? இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் எல்லாரும்.

ஆணை என்று எழுதிவிட்டீர்கள், வாயைத் தைத்துக்கொண்டுவிட்டேன். கையில் ஊசி இருக்கும்போது அது பெரிய விஷயமில்லை.

இன்று காலை என் வாசலில் ஒருத்தர் வண்டியைக் கழுவினார். சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை, சனிக்கிழமை கிளம்புவதாக மட்டும் சொன்னார். இங்கிருந்து உங்கள் ஊருக்குப் பகல் முழுக்க ஓட்ட வேண்டும். இந்தக் கடிதம் அதற்கு முன்னாலேயே உங்களுக்குக் கிடைத்தால், சனிக்கிழமை வெளியே எங்கும் போகாதீர்கள்.

வாலு

ஏப்ரல் 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் எனக்குத் திங்கட்கிழமைதான் கிடைத்தது.

சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தேன். நீ அனுப்பிய இளநீலத் திரை காற்றில் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தது. சாயங்கால வெளிச்சம் அதன் வழியாக வந்தால் அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. கேட் பக்கம் வந்து நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டது. தினமும் கேட்கிற சத்தம்தானே என்று நான் எழுந்திருக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு வாட்ச்மேனிடம் போய்க் கேட்டேன். யாரோ ஒருத்தர் வந்து ஏதோ விசாரித்துவிட்டுப் போனார் என்கிறார்.

வாலு, அவர் அங்கே இருக்கிறாரா? அதை மட்டும் எழுது.

அண்ணி

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். என் வாசலில், அதே மரத்தடியில், அதே இடத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து என்னோடும் பேசவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு நான் விடவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் சொன்னார்.

"என் இடத்துல வேற வண்டி நிக்குது. என் கவரையே போட்டு மூடியிருக்கா. மேல பூ வேற. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், மூணாவது மாடி அம்மா வீட்டு வண்டி, சார் தினமும் காலையில நடக்கப் போவார்னு சொன்னான். நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மேல போவேன்?"

அண்ணி, உங்கள் ஆணையை நான் உடைத்துவிட்டேன். நாற்காலி, மெத்தை, இஸ்திரி பலகை எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம்வரை வரவில்லை. நான் முன்னாலேயே சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று எனக்கு உறுத்துகிறது.

மறுபடி கிளம்பி வரட்டுமா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறார். என்ன சொல்லட்டும்?

வாலு

மே 28

அன்புள்ள வாலுவுக்கு,

நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன். நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. வாயைத் தைத்துக்கொள்ளச் சொன்னது நான், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பதில் எழுத இத்தனை நாள் ஆனது, என்ன எழுதுவது என்று தெரியாததால்தான்.

உன் கடிதம் வந்த அன்றே கீழே போனேன். சாயங்காலம், எல்லாரும் வீடு திரும்புகிற நேரம். ஒருத்தருக்கும் மறைக்காமல் கவரை இழுத்தேன். நாற்காலிகளும் பெட்டிகளும் மெத்தையும் அம்மணமாக நின்றன. பக்கத்து வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சட்டப்புத்தகம் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொம்மை வண்டி நிறுத்தக்கூடாது என்று விதி எதுவும் இல்லையே என்று தனக்குள் முணுமுணுத்தார். பூக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் சிரிக்க ஆரம்பித்தேன், அது எங்கே அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. அவர்தான் கவரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மடிக்க உதவினார். இடத்தைப் பூக்காரருக்கே எழுதிக்கொடுத்துவிட்டேன்.

உன் அண்ணன் போனதற்குக்கூட நான் இப்படி அழவில்லை வாலு. பகல் முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தவர், கேட்டிலிருந்து நாலு எட்டு நடந்து அந்தக் கவரின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. முகம் தெரியாத வாட்ச்மேன் சொன்னதை நம்பினார். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவருக்கு மூன்று மாடி ஏற முடியவில்லை. என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியுமா என்று இரண்டு வாரம் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். கோபத்தில் உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. நிஜமாக வந்த வண்டியைப் பிரமையென்று நினைத்து நானும்தானே சாய்ந்துகிடந்தேன். ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தேன், திரையை விலக்கினால் தெரிந்திருக்கும். அவர் மட்டுமா பார்க்காமல் போனார்.

அதனால் வா என்று இப்போதும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். உன் வாசலை முதலில் காலி செய்யச் சொல், நீ துணி சுமந்தது போதும். இங்கே அவருக்கென்று இடம் எதுவும் வைத்திருக்கவில்லை. வண்டியைத் தெருவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளட்டும், அது அவர் பாடு. மேலே ஏறி வந்து கதவைத் தட்டச் சொல். தட்டும் சத்தம் கேட்டால் இந்தத் தடவை எழுந்து போவேன். திறப்பேனா என்று கேட்காதே, அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

நீ எப்போது வேண்டுமானாலும் வா. உனக்குக் கதவு தட்டக்கூட வேண்டாம்.

உன் அண்ணி